தைரியமா இருங்க என்கிறார்கள். சரி, கரண்ட் போனால்?

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

இரண்டு நாளாக டிவியில் கனமழை எச்சரிக்கை ஓடுகிறது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக ஒரே செய்தி: "தைரியமா இருங்க, பாசிட்டிவா யோசிங்க." அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், தெரியும். ஆனால் அதைப் படித்ததும் எனக்கு 2023 டிசம்பர் ஞாபகம் வந்துவிடுகிறது. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

புதியவர்களுக்கு: 2012-இல் பைக் விபத்து. முதுகுத்தண்டில் அடி, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீல்சேர். வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை. மனைவி, நான், என் அம்மா, மூன்று பேர்.

மிக்ஜாம் புயலில் நான்காம் தேதி விடியற்காலை கரண்ட் போனது. தரைத்தளம் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் முதல் மாடி என்பதால் தப்பித்தோம் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் புரிந்தது. நான் படுப்பது ஆல்ஃபா பெட், காற்று மெத்தை. அதன் மோட்டார் நின்றதும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. கை வைத்துப் பார்த்தால் அடியில் கட்டில் பலகை தட்டுகிறது. உணர்ச்சி இல்லாத உடம்புக்குப் பலகை என்றால் படுக்கைப் புண் என்று அர்த்தம். 2014-இல் ஒரு புண் வந்து ஐந்து மாதம் குப்புறப் படுத்திருந்தவன் நான்.

வீட்டிலிருந்த கோரைப்பாய், போர்வை, பழைய பஞ்சு மெத்தை எல்லாவற்றையும் அடுக்கினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் போட வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்துவிடும் என்பதால் அம்மாவின் பழைய சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரத்தைத் தேடி எடுத்தோம். மூன்று இரவும் அது அடித்தது. மனைவியும் அம்மாவும் முறை போட்டு எழுந்தார்கள். சிறுநீர் சேரும் கதீட்டர் பை ஒன்றுதான் புதிதாக இருந்தது. அதைக் கழுவிக் கழுவிப் போட்டோம்.

இரண்டாம் நாள் மதியம் படகு வந்தது. வந்த பையன்கள் நல்லவர்கள், கண்ணெல்லாம் சிவந்து தூங்காத முகம். "நீங்க ஏறுங்க சார், வண்டி அப்புறம் வரும்" என்றார்கள். வண்டி என்று அவர்கள் சொன்னது என் வீல்சேரை. நான் ஏற மாட்டேன் என்றேன். மனைவி கெஞ்சினாள். அம்மா அழுதாள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகு போய்விட்டது. கரண்ட் ஏழாம் தேதி சாயங்காலம்தான் வந்தது.

பிறகு தெருவே என்னைத் "தைரியசாலி" என்றது. உண்மை என்னவென்றால் நான் பயந்துபோயிருந்தேன். வண்டி இல்லாமல் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் தரையில் கிடப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பயத்தில் மற்ற இரண்டு பேரையும் தண்ணீருக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? புகழ வேண்டாம், நேராகச் சொல்லுங்கள்.

—

மூன்றுசக்கரம் எழுதியது:

தம்பி, நானும் ஏறியிருக்க மாட்டேன். 2015 வெள்ளத்தில், காலுக்குத் தாங்கலாக மாட்டும் என் காலிபரை ஒரு பள்ளிக்கூட நிவாரண முகாமில் தொலைத்தவன் சொல்கிறேன். யாரோ செருப்புக் குவியலோடு தள்ளிவிட்டார்கள். புதிது அளவெடுத்துச் செய்து வர ஏழு வாரம். ஏழு வாரம் வீட்டுக்குள் தவழ்ந்தேன். நாற்பத்து நான்கு வயதில், கல்லூரி போகும் மகள் முன்னால்.

எனக்கு இளம்பிள்ளைவாதம், ஒன்றரை வயதில். போலியோ நாட்டை விட்டே போய்விட்டது, 2014-இல் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய சரக்கு நாங்கள் இன்னும் கடையில்தான் இருக்கிறோம்.

"மன உறுதி" பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து என்னிடம் எல்லோரும் சொன்னது, "முயற்சி பண்ணு, விடாதே." விடவில்லை. பஸ்ஸில் தொங்கினேன், மூன்று மாடி ஏறி வேலை பார்த்தேன். ஐம்பது வயதில் நல்ல கால் என்று நம்பியிருந்த வலது காலும் தளர ஆரம்பித்தது. போன இடமெல்லாம் "வயசாகுதில்ல" என்றார்கள். கடைசியில் ஒரு நரம்பு மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். போலியோவில் நரம்பு செல்கள் பாதி செத்துப்போகின்றன. மிச்சம் இருப்பவை கிளை விட்டு, அநாதையாக நிற்கும் தசைகளையும் சேர்த்து இழுக்கின்றன. முப்பது நாற்பது வருடம் இரட்டை ஷிஃப்ட் பார்த்தபின் அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. இதற்கு வைத்தியம், குறைத்துக்கொள்வது. களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவது.

அதாவது எனக்கு விடாமுயற்சிதான் விஷம். இதை எந்த மேடைப் பேச்சாளரும் சொல்லித்தரவில்லை. இப்போது சைடு வீல் ஸ்கூட்டரில் காய்கறிக் கடை வரை போய், வண்டியை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டு வருகிறேன். முன்பு இதை வெட்கமாக நினைத்தேன்.

—

வெற்றி நிச்சயம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இப்படியெல்லாம் சோர்ந்து பேசக் கூடாது நண்பர்களே. நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பனைப் பாருங்கள். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது காலில் அடி. அம்மா காய்கறி விற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீஸில் வெண்கலம். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. குறை என்று நினைத்தால்தான் குறை.

—

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

மாரியப்பன் எங்களுக்கும் பெருமைதான் சார். ரியோ அன்று ராத்திரி நான் அழுதேன். ஆனால் கேட்ட கேள்வி படகைப் பற்றி.

—

இருட்டு வாத்தியார் எழுதியது:

மாரியப்பனை இந்த மாதிரி விவாதத்தில் தாயத்து மாதிரிக் கட்டிவிடுகிறார்கள். அவர் தாண்டினார், உண்மை. கூடவே பெங்களூரில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் அவரைக் கண்டுபிடித்துத் தயார் செய்தார். அந்தப் பகுதியை மட்டும் யாரும் பார்வர்டு செய்வதில்லை.

நான் பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். மாணவர்கள் வைத்த பெயர்தான் மேலே இருப்பது. தெரியாத மாதிரி இருந்தேன், இப்போது நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்குச் சோதனைக் காலம் என்றால் 2020. ஊரே "தொடாதே" என்றது. எனக்கு உலகமே தொடுவதுதானே? ரோடு கடக்க முழங்கை கொடுப்பவர்கள் எல்லோரும் இரண்டடி தள்ளி நின்று, "இந்தப் பக்கம் வாங்க சார்" என்று சத்தம் போட்டார்கள். எந்தப் பக்கம்? ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நேராகப் போய் ஒரு பாட்டி மேல் இடித்து, அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு அவரே என் குச்சியின் மறுமுனையைப் பிடித்து வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆளைத் தொடவில்லை, குச்சியைத் தொடலாம்! அதன்பிறகு நான்கைந்து மாதம் நான் அப்படித்தான் நடந்தேன். காய்கறிக்காரர், பால்காரர் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். இந்த வழியைக் கண்டுபிடித்தது அந்தப் பாட்டி. என் மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், முதல்மாடி தம்பிக்கு ஒரு சட்ட விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் எட்டாவது பிரிவைத் தேடிப் படியுங்கள். பேரிடரில் நமக்குச் சமமான பாதுகாப்பு தர வேண்டும் என்று இருக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே "வண்டியோடு ஏற்றுவார்களா" என்பது படகில் வந்த பையன்கள் அந்த நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயமே இல்லை. முன்கூட்டியே ஆபீஸில் முடிவாகியிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டசபையில் மசோதா நிறைவேறியதே, அதில் எனக்கு ஆசை இருப்பது இதற்காகத்தான். கூட்டத்தில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து, "படகு எத்தனை அடி அகலம்?" என்று கேட்டால் போதும்.

—

தம்பியின் அம்மா எழுதியது:

நான் கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன், முதல்மாடி தம்பி மன்னிக்கணும்.

நீங்கள் செய்தது தப்பு. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தவர்கள் அந்தக் கதையில் அலாரம் கடிகாரம் மாதிரி வந்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? முதுகு எப்படி இருந்தது? மூன்று ராத்திரிக்குப் பிறகு அவர் எத்தனை நாள் படுத்தார்? நான் அந்தக் கடிகாரத்தின் இடத்தில் இருப்பவள். அதனால் கேட்கிறேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. தசைச்சிதைவு நோய், டுஷேன் வகை. பதினொரு வயதில் நடை நின்றது. இது மேலே போகாது, கீழேதான் போகும். "நாளைக்கு நல்லாயிடும்" என்று சொல்ல முடியாத வீட்டில் பாசிட்டிவ் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? ஆரம்பத்தில் நானும் சுவரில் வாசகம் எல்லாம் ஒட்டினேன். அவன் ஒருநாள், "அம்மா, அது யாருக்கு, எனக்கா உனக்கா?" என்றான். எடுத்துவிட்டேன்.

இப்போது நாங்கள் செய்வது வேறு. போன வருடம் சோற்றை வாய்வரை தூக்க அவனுக்குக் கை வரவில்லை. நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய சம்படத்தைக் கவிழ்த்து அதன் மேல் தட்டை வைத்தேன். முழங்கையை மேஜையில் ஊன்றினால் விரல் வாய்க்கு எட்டியது. அவனே சாப்பிட்டான். ரசம் சோறு கொஞ்சம் சட்டையில் போனது, போகட்டும். இந்த மே மாதம் அதுவும் எட்டவில்லை, இன்னொரு டப்பா சேர்த்தோம். கை இறங்க இறங்கத் தட்டு ஏறுகிறது. டப்பாவால் எட்டாத நாள் ஒன்று வரும், அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி இன்று பேசுவதில்லை என்று ஒப்பந்தம்.

மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருகிறது. 1,500-லிருந்து உயர்த்தினார்கள், சந்தோஷம். பிசியோவுக்கு ஆட்டோ செலவே அதைத் தாண்டிவிடுகிறது. தைரியத்துக்கு விலை இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மாதாமாதம் பில் வருகிறது.

—

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

அக்கா, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அப்போது அறுபத்தேழு. இடுப்பு பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் படுத்தார். அதை மேலே எழுதவில்லை. மறந்து விட்டுப்போனதாக என்னால் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் சொன்ன எட்டாவது பிரிவைப் படித்தேன். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், மாடி, வண்டியின் அகலம் 26 அங்குலம், எடை 17 கிலோ, மடக்கலாம் என்று எல்லாம் போட்டு.

—

மூன்றுசக்கரம் எழுதியது:

வண்டியில் பெயரும் போன் நம்பரும் பெயிண்டால் எழுதிவை தம்பி. ஸ்டிக்கர் தண்ணீரில் உரிந்துவிடும். என் புதிய காலிபரில் தோலின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

—

வெற்றி நிச்சயம் எழுதியது:

நேற்று எழுதியதற்கு மன்னிக்கவும். நான் மாற்றுத்திறனாளி இல்லை. நாமக்கல் பக்கம். என் மச்சான், தங்கச்சி வீட்டுக்காரர், கட்டட வேலை. நான்கு மாதம் முன்பு சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதல்மாடி சாருக்கு உள்ளதுபோலவே முதுகுத்தண்டு. முப்பத்தொரு வயது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், பேசுவதே இல்லை. நான் தினமும் சாயங்காலம் போய் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டு வருகிறேன். மாரியப்பன் வீடியோ காட்டினேன். போனைத் தட்டிவிட்டார். உங்களுக்கு எழுதியதைத்தான் அவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வைத்தியர் எண்ணெய்க் கட்டு போட்டு ஆறு மாதத்தில் நடக்க வைப்பேன் என்று எண்பதாயிரம் கேட்கிறார். தங்கச்சி நகையை வைக்கலாம் என்கிறாள்.

—

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

நகையை வைக்க வேண்டாம் சார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் 2012-இல் ஒரு லட்சத்துக்கு மேல் இப்படித்தான் போனது. தண்டுவடம் முழுதாக அறுந்ததா, பாதியா என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு திரும்பும் என்பது. அதை எம்ஆர்ஐ படத்தோடு மறுவாழ்வு மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். எண்ணெயால் தண்டுவடம் ஒட்டாது.

அவரிடம் பேச வேண்டாம். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு நான்காவது மாதம் வந்தவர்களெல்லாம் நல்ல வார்த்தை சொன்னார்கள். அவர்கள் போனபின் இன்னும் மோசமாக இருக்கும், ஏனென்றால் தேறாதது என் குற்றம் ஆகிவிடும். ஒரே ஒரு சித்தப்பா வருவார், ஒன்றும் சொல்ல மாட்டார். நகம் வெட்டிவிடுவார். ஒருநாள் பாத்ரூம் வாசல்படியை உளியால் கொத்தி எடுத்துவிட்டுப் போனார். அந்தப் படிதான் எனக்கும் குளியலுக்கும் நடுவில் நின்றது. அன்றைக்குத்தான் முதல்முறை நானாக ஒரு கேள்வி கேட்டேன்: "வெளி வாசப்படியையும் எடுக்க முடியுமா சித்தப்பா?"

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்லுங்கள். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் காலையும் மாலையும் பாருங்கள். சிவந்திருந்து, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் படுக்கவே விடாதீர்கள். உட்கார ஆரம்பித்தபின் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நான் இதைத் தட்டச்சு செய்யும் நேரத்துக்குள் மூன்று தடவை தூக்கிவிட்டேன். தைரியம் என்று என்னிடம் ஏதாவது இருந்தால் அது இந்தக் கையில்தான் இருக்கிறது.

—

தம்பியின் அம்மா எழுதியது:

வெற்றி தம்பி, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. நாங்கள் மகனை அழைத்துக்கொண்டு போயிருக்கிறோம். அதை 1981-இல் ஆரம்பித்த ராமகிருஷ்ணன் அய்யா 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரோடு சேர்ந்து நடத்தும் சங்கரராமன் அய்யா ஆடிட்டர், அவருக்கும் தசைச்சிதைவு, வீல்சேர்தான். என் மகன் ஊருக்கு வந்ததும் கேட்டது, "ஆடிட்டர் ஆக கணக்கு நல்லா வரணுமா?" அவ்வளவுதான் கேட்டான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ளாமலும் இல்லை.

உங்கள் ஊருக்கு ஆய்க்குடி தூரம் என்றால் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவைக் கேளுங்கள்.

—

இருட்டு வாத்தியார் எழுதியது:

வேலூர் என்றதும் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்த மறுவாழ்வு நிலையத்துக்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸும் தண்டுவட அடிபட்டவர். 1954-இல் வேன் விபத்து. அப்போது அவர் இளம் மருத்துவர். பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஏன் கை என்று யோசித்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அதை உட்கார்ந்துகொண்டு செய்யலாம். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார், 1966-இல் நிலையம் வந்தது. அவரும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல்தான் தட்டை வைத்திருக்கிறார் அக்கா.

மச்சானுக்கு இதையெல்லாம் இப்போது சொல்லாதீர்கள் வெற்றி சார். போன் இன்னொரு தடவை பறக்கும்.

—

வெற்றி நிச்சயம் எழுதியது:

சொல்லவில்லை சார். இன்று சாயங்காலம் போனேன். முதல்மாடி சார் சொன்ன மாதிரிப் பார்த்ததில் இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு. அழுத்தினேன், வெளுக்கவில்லை. தலையணையைக் கெண்டைக்கால் அடியில் வைத்துக் குதிகாலைத் தூக்கி விட்டிருக்கிறேன். மச்சான், "என்னடா பண்றே?" என்றார். நான்கு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "குதிகால் செவந்திருக்கு" என்றேன். "எங்கே, காட்டு" என்றார். போனில் படம் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் தினமும் கரண்ட் போகும். ஆல்ஃபா பெட் வாங்கினால் இன்வெர்ட்டர் தாங்குமா? பெரிய பேட்டரி வேண்டுமா?

—

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

இதுதான் எனக்கே சிரிப்பு வரும் இடம். புயலுக்குப் பிறகு ஒருநாள் அந்த மோட்டாரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் 7 வாட் என்று போட்டிருந்தது. ஏழு! நைட் லாம்ப் அளவு. பதினோரு வருடம் அது ஏதோ கிரைண்டர் மாதிரி இழுக்கும் என்று நினைத்து இன்வெர்ட்டர் வாங்காமலே இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போடும் சாதாரண இன்வெர்ட்டரே போதும். ஃபேனைச் சேர்க்காமல் மெத்தைக்கு மட்டும் தனி லைன் இழுத்துவிடச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்கத் தாராளமாக ஓடும். பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள், வெள்ளம் வந்தால் முதலில் போவது அதுதான். நான் பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

—

மூன்றுசக்கரம் எழுதியது:

பரண் மேல் வைத்தால் டிஸ்டில்டு வாட்டர் யார் ஏறி ஊற்றுவது?

—

பள்ளிக்கரணை முதல்மாடி எழுதியது:

அம்மா ஏறக் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. கீழ்வீட்டுப் பையன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காலண்டரில் குறித்திருக்கிறது.